மூன்று வருஷம் அண்ணனாக இருந்தவன்

மா தல்சுவுக்கு வயிறுதான் கடிகாரம். காலை ஒன்பதரைக்கு வயிற்றில் ஒரு முறுக்கு, பத்தரைக்கு இன்னொரு முறுக்கு. இரண்டாவது முறுக்குக்குப் பிறகு அந்த ஒற்றை அறையில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. சன்னலுக்குப் போவார். கீழே புசான் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறதென்று பார்ப்பார். திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். அது ஆறிப்போய்க் கிடக்கும். காலையில் ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துப் பாதியை வேகவைத்துக் குடித்திருப்பார். மறுபாதி ராத்திரிக்கு. இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் மேட்டுத்தெரு முதியோர் மன்றத்தில் பதினொன்றரை மணிக்குப் போடுகிறார்களே, அதுதான் சாப்பாடு. மற்றது இரண்டும் வயிற்றை ஏய்க்கிற வேலை.

அரசாங்கம் தருகிற முதியோர் பணம் வாடகைக்கும் மருந்துக்கும் போய்விடும். மிச்சத்தில் முட்டை வாங்கினால் குளிருக்கு அறையின் தரை சூடாகாது, தரையைச் சூடாக்கினால் முட்டை கிடையாது. டிசம்பர் மாதத்தில் எவன் முட்டையைத் தேர்ந்தெடுப்பான்? பொண்டாட்டி செத்து ஒன்பது வருஷம். மகன் உல்சானில் இருக்கிறான், இருக்கிறான் என்ற அளவோடு சரி. கீழ்ப்பல் செட் தளர்ந்து ஆடுகிறது. கறி என்று ஒன்று கிடைத்தாலும் மெல்ல முடியாது. ஆக எழுபத்து மூன்று வயதில் மா தல்சு உயிரோடு நடமாடியதற்குக் காரணம் மன்றத்துச் சமையல்கார ஓக்பூன் அக்காவும் அவள் போடுகிற அவித்த முட்டையும் டோஃபு குழம்பும்தான். அதில் சந்தேகமில்லை.

எழுபத்து மூன்று என்றேன். மன்றத்தில் போய் அதைச் சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே அவருக்கு வயது எழுபத்தைந்து.

அந்தக் கதை இப்படி. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் அவர் மன்றத்துக்குள் நுழைந்தபோது, ஆண்கள் அறையில் நாலைந்து பேர் சூடான தரையில் படுத்துக் கிடந்தார்கள். பியன் கிஹோ என்றொருவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து டீக் கோப்பைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மன்றத்துச் சட்டம் அது. யார் வயதில் இளையவரோ அவர் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், செருப்பை அடுக்க வேண்டும், சோஜு சாராயம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். எழுபது வயதுக் கிழவனாக இருந்தாலும் எண்பது வயதுக் கிழவனுக்கு அவன் பொடியன். புது ஆளைக் கண்டதும் கிஹோவின் முகம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்த துணியைத் தல்சு பக்கம் நீட்டிக்கொண்டே, எந்த வருஷம் பிறப்பு என்று கேட்டார்.

தல்சு அந்த ஈரத்துணியைப் பார்த்தார். அந்த ஊரில் வருஷத்துக்கு மிருகத்தின் பெயர்; அவர் பிறந்தது டிராகன் வருஷம். கிஹோ அதற்கு முந்தைய முயல் வருஷம். உள்ளதைச் சொன்னால் துணியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"புலி வருஷம்," என்றார் தல்சு. முயலுக்கும் ஒரு வருஷம் மூப்பு.

அடையாள அட்டையில் அப்படி இல்லையே என்று யாராவது கேட்பதற்குள் அவரே சேர்த்துச் சொன்னார். சண்டைக் காலம், பிள்ளை பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாமல் அப்பன் இரண்டு வருஷம் கழித்துத்தான் பதிவு செய்தான் என்றார். படுத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதே கதைதான். மன்றத் தலைவர் நாம்கூங் ஐயாவுக்கே காகிதத்தில் எண்பத்தேழு, ஆள் எண்பத்தொன்பது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கிஹோ துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே தலையைத் தாழ்த்தினார். "அப்ப நீங்க எனக்கு அண்ணன்," என்றார்.

அன்றிலிருந்து அண்ணன்தான். அண்ணனுக்குத் தலையணை, அண்ணனுக்குச் சன்னல் ஓரம். சோஜு ஊற்றும்போது இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்றுவார் கிஹோ. தான் குடிக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடிப்பார். அண்ணன் முன்னால் நேருக்கு நேர் குடிக்கலாமா? முதல் மாதம் தல்சுவுக்கு உறுத்தியது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. ஆறாவது மாதம் அவருக்கே தான் புலி என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் ஓக்பூன் அக்கா படியில் விழுகிற வரைக்கும்.

டிசம்பர் இரண்டாம் வாரம், மழை பெய்து உறைந்த காலையில், எழுபத்தெட்டு வயது ஓக்பூன் ஒரு முள்ளங்கி மூட்டையோடு வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டுவிட்டு டாக்டர் மூன்று மாதம் என்றார். பெண்கள் அறையில் அவள்தான் வயதில் கடைசி. அவளுக்கு மேலே எண்பத்து மூன்று, எண்பத்தைந்து, அப்புறம் எண்பத்தாறு வயது மல்சூன் அக்கா. ஒருத்திக்கு இடுப்பு தொண்ணூறு டிகிரி மடங்கியிருந்தது, ஒருத்திக்கு முட்டி இல்லை, ஒருத்திக்குக் கண் இல்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு முழுப் பொம்பளை தேறுவாள் என்றாள் மல்சூன்.

தலைவர் இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். இளையவர் சமைப்பது சட்டம், அந்தச் சட்டத்தில் ஆண் பெண் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அவர் சொன்னதன் அர்த்தம் ஆண்கள் அறைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எல்லோரும் கிஹோவைப் பார்த்தார்கள். எழுபத்து நாலு வயதுப் பொடியன்.

கிஹோ நாற்பது வருஷம் கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் இரும்புத் தகட்டில் துரு தட்டியவர். சுத்தியலைக் கீழே வைத்துப் பத்து வருஷமாகியும் கை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கையோடு அவர் சமையற்கட்டுக்குள் போனார். சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் கருகியது. உப்புப் போடும்போது கை ஆடி இரண்டு பங்கு விழுந்தது. பத்து நாளில் அவர் சமையல் வெறும் சோறு, வெறும் கிம்ச்சி ஊறுகாய், கடையில் வாங்கிய மஞ்சள் முள்ளங்கி என்று சுருங்கிவிட்டது. அதைக் குறை சொன்னவர்களும் இல்லை. பாவம், அவன் என்ன செய்வான் என்றார்கள். சத்தம் போடாமல் பாதி வயிற்றோடு எழுந்து போனார்கள். மல்சூன் அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். மன்றத்தில் போடுகிறதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஒரு டப்பாவில் ராத்திரிக்கு எடுத்துப் போவாள். இப்போது அவள் எடுத்துப் போனதும் வெறும் சோறுதான்.

தல்சு சன்னல் ஓரத்தில் தலையணையில் சாய்ந்துகொண்டு மூக்கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் போதவில்லை என்று அந்த மூக்குக்குத் தெரிந்தது. அடுப்பைக் குறைக்க வேண்டிய நேரம் வந்தது தெரிந்தது. குறைக்கவில்லை என்பதும் தெரிந்தது. கால் தானாக ஆடும். புரண்டு படுப்பார், எழுந்து வெளியே போவார், ஐந்து நிமிஷத்தில் உள்ளே வருவார். சிகரெட்டை விட்டுப் பதினைந்து வருஷமாகியும் சட்டைப் பையைத் தடவுவார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று சமையற்கட்டிலிருந்து கிஹோ எட்டிப் பார்த்துக் கேட்பார். அதற்கு இவர் எரிந்து விழுவார்.

ஏனென்றால் அந்த மலையில் இருபது பேருக்குச் சமைக்கத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை மா தல்சு.

பத்தொன்பது வயதில் அவர் சூரை மீன் கப்பலில் ஏறினார். தென்கடலில் பதினொரு வருஷம். கப்பலிலும் அதே சட்டம்தான். இருப்பதில் சின்னவன் எவனோ அவன் அடுப்படிக்கு. இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளை. அலையில் அடுப்பு சாயும், பானையைக் கயிற்றால் கட்டிவைத்துச் சமைக்க வேண்டும். சோறு அரைவேக்காடாக இருந்தால் கரண்டி பறந்து வரும். ஒரு தடவை அது புருவத்தைக் கிழித்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவரைவிடச் சின்னவன் ஒருத்தன் வந்து சேர்ந்தால் அவன் இரண்டாவது துறைமுகத்திலேயே ஓடிப்போவான். மறுபடியும் தல்சுவே கடைக்குட்டி. கப்பலை விட்டு இறங்கிய அன்று, இனி எந்த ஆம்பிளைக்கும் சோறு பொங்க மாட்டேன் என்று சபதம் எடுத்தார். பொண்டாட்டி கையால் தின்றார், அவள் போன பிறகு நூடுல்ஸை உடைத்துத் தின்றார். அந்த ஈரத்துணியைக் கண்டதும் வாயில் புலி வந்தது சும்மா இல்லை.

டிசம்பர் கடைசியில் சுகாதார நிலையத்து நர்சம்மா மாதாந்திரப் பார்வைக்கு வந்தாள். நடுவயதுக்காரி, வாய் நீளம், மனசு நல்லது. அவள் ஒரு சோதனை வைத்திருந்தாள். இரண்டு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் பண்ணி, கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கச் சொல்வாள். விரல்கள் எட்டாவிட்டால் நல்லது. எட்டித் தொட்டால் கவனம். தொட்ட பிறகும் வளையத்துக்குள் இடைவெளி தெரிந்தால், சதை கரைந்துவிட்டது என்று பொருள். கரைந்தவன் விழுவான், விழுந்தவன் எழுந்திருப்பதில்லை என்பாள்.

போன மாதம் தல்சுவின் விரல்கள் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றன. இந்த மாதம் வளையம் காலைச் சுற்றி வளையல் மாதிரி சுழன்றது. மல்சூன் அக்காவின் காலில் அந்த இடைவெளிக்குள் இன்னொரு விரலையும் விடலாம் போலிருந்தது. நர்சம்மா சமையற்கட்டுக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். கத்தவில்லை. வெள்ளைச் சோறும் ஊறுகாயும் வயிற்றை ரொப்பும், காலை ரொப்பாது என்றாள். மீன், முட்டை, டோஃபு, பயறு, இதில் ஒன்று தினம் தட்டில் இருக்க வேண்டும் என்றாள். அப்புறம் கிஹோவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் இந்தக் கையை வைக்க நான் எழுதித் தர மாட்டேன் என்று அவருடைய தாளில் குறித்துவிட்டுப் போனாள்.

அந்தக் குறிப்பு வட்டார அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து பதில் வந்தது. திங்கட்கிழமைக்குள் எழுபத்தைந்து வயதுக்குக் கீழே, உடம்பு சரியாக உள்ள ஒருவரைச் சமையலுக்குப் பதிவு செய்யாவிட்டால் மன்றத்துச் சமையற்கட்டைப் பூட்டிவிடுவார்களாம். அரிசி கீழே நலவாழ்வு மையத்துக்குப் போகுமாம். சாப்பாடு வேண்டியவர்கள் அங்கே வந்து சாப்பிட்டுக்கொள்ளலாமாம்.

கீழே என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு படி. மல்சூன் அக்கா கடைசியாகக் கீழே இறங்கியது இலையுதிர் காலத்தில். ஏறி வர அரை நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் கிடையாது. தல்சு காலையில் பாதி நூடுல்ஸைக் குடித்தார், பசி அடங்கவில்லை, மறுபாதியையும் வேகவைத்துக் குடித்தார். ராத்திரிக்கு என்ன என்ற யோசனை வந்ததும் உட்கார முடியவில்லை. காலைச் சுற்றி வளையம் போட்டுப் பார்த்தார். உட்கார்ந்து போட்டார், நின்று போட்டார், மற்றக் காலிலும் போட்டார். எங்கே போட்டாலும் இடைவெளி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஏன் இறங்குகிறோம் என்று தெரியவில்லை. மீன் சந்தையில் போய் நின்றார். விரல் நீளத்துக்குப் பொடி அயிலை ஒரு பெட்டி நிறைய ஓரமாகக் கிடந்தது. பெரியது விற்றுப்போகும். இதை மனுஷன் வாங்க மாட்டான், மீன் பண்ணைக்குத் தீனியாகப் போகும். கப்பலில் இந்த அளவு மீனை அவர் எப்படிச் செய்தார் என்று கைக்கு ஞாபகம் வந்தது. முள்ளங்கியைக் கனமாக வெட்டி அடியில் பரப்பி, மேலே மீன், மறுபடி முள்ளங்கி. சோயா விழுது, இஞ்சி, ஒரு கரண்டி வினிகர். சின்னத் தீயில் மூன்று மணி நேரம். முள்ளெல்லாம் மாவாகிவிடும். பல் இல்லாத கிழட்டுக் கப்பல் எஞ்சினீயர் ஒருத்தர் தலையோடு தின்பார்.

"என்ன பெருசு, வாங்குறதுன்னா வாங்கு. மீனு ஒன்னும் முட்டை போடாது, நின்னு பாத்துக்கிட்டிருக்க," என்றாள் மீன்காரி.

நாளைக்கு வருகிறேன் என்றார் தல்சு. எதற்கு அப்படிச் சொன்னார் என்று ஏறும்போது நூற்றுப்பத்தாவது படியில் நின்று யோசித்தார். மூச்சு வாங்கியது. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

சமைக்கிறேன் என்று சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் புலி சமைக்க முடியாதே. தம்பி சும்மா உட்கார்ந்திருக்க அண்ணன் கரண்டி பிடிப்பதை அந்த மன்றம் பார்த்துக்கொண்டிருக்காது. தலைவர் விடவே மாட்டார். சமையற்கட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் தம்பியாக வேண்டும். தம்பியாவதென்றால் மூன்று வருஷம் தலையணையும் சன்னல் ஓரமும் திருடினேன் என்று கிஹோவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த நூற்றுச் சொச்சம் படியிலும் அதையே திருப்பித் திருப்பி யோசித்தார். மேலே வந்து சேர்ந்தபோதும் முடிவு ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வட்டார அலுவலகத்துப் பெண் வந்தாள். நாற்பது வயது, கையில் தாள் கட்டு. எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கித் தரையில் வரிசையாக வைத்தாள். எழுபத்தைந்துக்குக் கீழே இரண்டே பேர். கிஹோவை நர்சம்மாவின் குறிப்பு தள்ளிவிட்டது. அவள் விரல் அடுத்த அட்டையில் நின்றது.

மா தல்சு ஐயாவுக்கு எழுபத்து மூன்றுதான் ஆகிறது, இவர் பெயரைப் போட்டுவிடலாமே என்றாள்.

இரண்டு அறையும் ஒரே குரலில் எழுந்தது. அந்த அட்டை பொய் என்றார்கள். அவர் புலி வருஷம், அப்பன் தாமதமாகப் பதிந்தது, இந்த மன்றத்துக்கே தெரிந்த விஷயம் என்றார்கள். எண்பத்து மூன்று வயதுக்காரி ஒருத்தி, தல்சு பிறந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் மாதிரியே பேசினாள்.

அவர் வயது எதுவாக இருந்தாலென்ன, காகிதத்தில் சரியாக இருக்கிறது, தலைவர் ஒரு முத்திரை குத்தினால் சமையற்கட்டு பிழைக்கும் என்று அந்தப் பெண் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். நாம்கூங் ஐயா முத்திரையை மடியில் வைத்து மூடிக்கொண்டார்.

"காகிதத்துல எழுபத்திமூணு, ஆளு எழுபத்தஞ்சு. தெரிஞ்சே பொய்யில குத்தச் சொல்றியாம்மா? எம்பத்தொம்பது வயசுல எனக்கு அது எதுக்கு?"

"ஐயா, கவர்மெண்டுக்குக் காகிதந்தான் ஆளு."

"எங்களுக்கு ஆளுதான் ஆளு," என்றார் தலைவர்.

அப்போது கிஹோ முன்னால் வந்து உட்கார்ந்தார். கையை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் வேணாங்க. எங்கண்ணன் புலி, நான் முயலு. மூணு வருசமா ரெண்டு கையால ஊத்திக் குடுத்திருக்கேன். அவரு கையில கரண்டியக் குடுத்துட்டு நான் கால நீட்டி உக்காந்து திங்கவா? அதுக்கு நான் கீழயே எறங்கிப் போயித் தின்னுக்கிறேன்."

"நீ எறங்குவடா," என்றாள் மல்சூன் அக்கா, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நானு?"

 அலுவலகத்துப் பெண் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.  தல்சு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்துச் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார்.

"காகிதம் சரியாத்தான் இருக்கு," என்றார் தல்சு.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"எங்கப்பன் நான் பொறந்த நாலாம் நாளே போயிப் பதிஞ்சுட்டு வந்துட்டான். நான் டிராகன் வருசம். கிஹோ எனக்கு மூத்தவரு. அந்தத் துணியப் பாத்தேன், கழுவப் பிடிக்கல, வாயில வந்ததச் சொன்னேன். கப்பல்ல பதினோரு வருசம் பொங்கியிருக்கேன். இருவது பேருக்கு என்னால முடியும்."

 முதலில் சிரித்தது மல்சூன் அக்காதான். பல்லில்லாத வாய்ச் சிரிப்பு. "அப்ப இந்த வீட்டுக்கே கடைக்குட்டி நீதானா? வாடா ராசா. மூணு வருசம் உக்காந்து தின்னல்ல, எந்திரி."

நாம்கூங் ஐயா சிரிக்கவில்லை. தல்சுவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையை எடுத்தார், அதன்மேல் நீளமாக ஒரு மூச்சு விட்டார், குத்தினார். கிஹோ எழுந்து போய்ச் செருப்பை எடுத்தார். கை ஆடியதில் ஒரு செருப்பு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கத் தல்சு குனிந்தார். அதற்குள் கிஹோவே எடுத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாகப் படியேறிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை விடியலில் தல்சு மீன்காரி முன்னால் நின்றார். பொடி அயிலை ஒரு பெட்டி, கூடவே கொசுறாக இரண்டு கையளவு நெத்திலிக் கருவாடு. மூன்று தடவை படியில் உட்கார்ந்து ஏறினார். சமையற்கட்டு வாசலில் கட்டுப் போட்ட கையோடு ஓக்பூன் அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் எதுவும் சரியில்லை. முள்ளங்கியை இவ்வளவு கனமாகவா வெட்டுவது, இஞ்சியைத் தோலோடா போடுவது, வினிகரை எதற்கு ஊற்றுகிறான், இவன் மீன் சமைக்கிறானா தரை துடைக்கிறானா என்று விடாமல் கேட்டாள். தல்சு ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. கப்பலில் பேசினால் கரண்டி வரும். இங்கே அவளிடம் இடது கை மட்டும்தான், இருந்தாலும் பழக்கம்.

எட்டரைக்கு அடுப்பில் ஏற்றியது. ஒன்பதரைக்கு வயிறு முறுக்கியது, பத்தரைக்கும் முறுக்கியது. ஆனால் அன்று கால் ஆடவில்லை, ஆட நேரமில்லை. பதினொன்றரைக்குத் தட்டுப் போட்டார். மல்சூன் அக்கா ஒரு மீனைத் தலையோடு நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்தினாள். முள் எங்கே என்று தேடினாள். இல்லை. அடுத்த மீனை எடுத்தாள். நாலு தின்றாள், டப்பாவில் நாலு வைத்தாள். நாம்கூங் ஐயா உப்பு ஒரு துளி கம்மி என்றார். உப்புக் கம்மியாகத்தான் இருக்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். தல்சு அதைச் சொல்லவில்லை. சரிங்கய்யா என்றார். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். ஈரத்துணி ஆணியில் தொங்கியது. தல்சு எடுத்தார்.

ஒரு தட்டு மட்டும் தொடாமல் இருந்தது. செவ்வாய் இருந்தது, புதன் இருந்தது. வியாழக்கிழமை மூன்றாவது தடவை அதை மூடி வைக்கும்போது, பசித்தவனின் கோபம் மூன்று நாளைக்கு மேல் நிற்காது என்று ஓக்பூன் அக்கா பொதுவாகச் சொன்னாள். நின்றால் அப்புறம் அவனே நிற்க மாட்டான் என்றும் சொன்னாள். தல்சுவுக்குக் கெண்டைக்கால் வளையம் ஞாபகம் வந்தது. கிஹோவின் காலில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று கேட்க மறந்துபோயிருந்தது.

அடுப்பில் நாளைக்கான பயறு வெந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுத் தட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு மேலே ஐம்பது படி ஏறினார். கிஹோவின் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட வாய் திறந்தார். மூன்று வருஷமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய், வேறு எதுவும் வரவில்லை. இருமினார். மறுபடியும் இருமினார்.

"அண்ணே," என்றார் கடைசியில்.

 பயறு அடிப்பிடிக்குமே என்று ஒரு கால் கீழே இறங்கப் பார்த்தது. மற்றக் கால் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கிஹோ உள்ளே கூப்பிடவில்லை. அவருக்குப் பின்னால் சின்ன மேசையில் பாதியாக உடைத்த நூடுல்ஸ் பொட்டலம் ஒன்று இருந்தது. தல்சு அதைப் பார்த்ததைக் கிஹோவும் பார்த்தார்.

"மூணு வருசம்," என்றார் கிஹோ.

"ஆமாண்ணே."

"உன் செருப்ப நான் அடுக்குனேன்."

"ஆமாண்ணே."

"பொறந்தநாளுக்குத் துண்டு வாங்கிக் குடுத்தேன். புலிப் படம் போட்டது. கட பூராத் தேடி."

 தல்சு தட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். கை வலித்தது. கிஹோ அவசரப்படவில்லை. வலிக்கட்டும் என்று விட்டார். அப்புறம் வாங்கிக் கதவு நிலையிலேயே உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். கை ஆடி ஒரு மீன் நழுவிச் சட்டையில் விழுந்தது. தல்சு உதவ நகரவில்லை. கிஹோ அதைப் பொறுக்கி வாயில் வைத்து மென்றார். மெல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். அடுத்ததை எடுத்தார். பேசாமல் ஆறு மீன், முள்ளங்கி, சோறு, அடியில் இருந்த குழம்பு வரைக்கும். தல்சு நின்றுகொண்டே இருந்தார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லையே.

"முந்தாநேத்து வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு," என்றார் கிஹோ. "கதவச் சாத்துனேன். சாத்தியும் வந்துச்சு."

பிறகு அவர் பக்கத்தில் இருந்த காலிக் கோப்பையை எடுத்து ஒற்றைக் கையால் நீட்டினார். பெரியவர்கள் சின்னவர்களிடம் நீட்டுகிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல்.

"தம்பி, தண்ணி."

தல்சு இரண்டு கையாலும் அதை வாங்கினார். உள்ளே போய்க் குழாயைத் திறந்து, நிரப்பி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். கிஹோ ஒரே மூச்சில் குடித்தார், நேருக்கு நேராகவே.

"நாளைக்கு என்ன?"

"பயறுச் சோறும் டோஃபுவும். அண்ணே, அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன்."

"பதினொன்னரைக்கு வருவேன். வந்ததும் சன்னலோரம் காலியா இருக்கணும். செருப்ப நீ அடுக்கணும்."

"அடுக்குறேண்ணே."

"அப்ப ஓடு. பயறு கருகுனா உன்னயத்தான் திட்டுவேன்."

ஐம்பது படியையும் தல்சு சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினார். கால் அந்த வேகத்தைக் கேட்கவில்லை, அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் கருகவில்லை, ஆனால் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது.